முன்னால் கிளம்பிய பை

நான் காட்டூரில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். கருப்பையைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லி, ஒரு பாகம் விட்டுப்போனாலும் அரை மதிப்பெண்ணைக் கறாராகக் குறைப்பவள். அப்படிப்பட்ட எனக்கு, வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பிரசவ வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி: கருப்பைத் தசைகள் சுருங்குகின்றன. சுருங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுருங்குவது எனக்கு எப்படித் தெரியும்? வாயுத் தொல்லைக்கும் அதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

தெரியாத ஒன்றைக் கேட்காமல் விடுவது எனக்கு வராது. ஆசிரியர் அறையில் ஆரம்பித்தேன். கணக்கு டீச்சர், "மாசாமாசம் வருமே, அத நூறால பெருக்கிக்கங்க" என்றார். விளையாட்டு டீச்சர், முதுகில் லாரி ஏறி இறங்கிய மாதிரி என்றார். லாரி ஏறி அவருக்கு அனுபவம் உண்டா என்று கேட்டதில் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். தமிழ் டீச்சர், "அதெல்லாம் சொல்லுக்குள்ள அடங்காதும்மா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் தன் மூன்று பிரசவங்களையும் வரிசையாகச் சொன்னார். கேட்ட சுவாரஸ்யத்தில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்டாப் திரும்பி நடந்தேன். ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. டாக்டர் மட்டும் சுருக்கமாக, "வந்தா தெரியும்மா" என்றார். எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார்கள்.

அம்மாவிடம் கேட்டபோது, "மறந்து போச்சு" என்றாள்.

"அதெப்படி மறக்கும்?"

"மறந்து போச்சுடி. அத விடு. புள்ள அசையுதா?"

நான் எப்போது கேட்டாலும் இதே பதில்தான், கூடவே இதே கேள்வியும்தான். காட்டூரிலிருந்து நான் போன் செய்தாலும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்கமாட்டாள். முதல் கேள்வி, அசையுதா. பிரசவ வைராக்கியம் என்று சும்மாவா சொன்னார்கள், பெண்கள் மறந்துபோவதால்தான் அடுத்ததுக்குத் தயாராகிறார்கள், அம்மாவும் அப்படித்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் என் அம்மாவுக்கு நான் ஒரே பெண். மறந்தவள் ஏன் அடுத்தது பெற்றுக்கொள்ளவில்லை? அதையும் ஒருநாள் கேட்டேன். "உனக்கு வேற வேல இல்லையா?" என்று எழுந்து போய்விட்டாள்.

கணவருக்கு ஓசூரில் வேலை. வளைகாப்பு முடிந்ததும் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி ஒன்றில் ஒடுங்கி நீண்ட வீடு எங்களுடையது. அப்பா பாத்திரக் கடையில் வேலை பார்த்து இப்போது வீட்டோடு இருப்பவர். அவருடைய நாள் தினசரிக் காலண்டரில் தொடங்கும். காலையில் பல் துலக்கிய கையோடு முதல் நாள் தாளைக் கிழித்து, புதுத் தாளில் இருப்பதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். ராகுகாலம் இன்ன நேரம், எமகண்டம் இன்ன நேரம், சூலம் இந்தத் திசை. சூலம் உள்ள திசையில் அன்றைக்குப் பயணம் கிளம்பக்கூடாது. கிளம்பியே ஆகவேண்டுமென்றால் பால், தயிர், வெல்லம் என்று ஏதாவது ஒரு பரிகாரம் போட்டிருக்கும். தபால் ஆபீசுக்குப் போவதற்குக்கூட அப்பா அந்தத் தாளைக் கேட்டுத்தான் போவார். நான் பள்ளியில் படித்த காலத்தில் தேர்வுக்குக் கிளம்பும் நேரத்தில் எங்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. தேர்வு எழுதும் மற்ற பிள்ளைகளுக்கும் அதே ராகுகாலம்தானே என்பது என் வாதம். அவரோ வாசல்படியில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

அம்மா இந்த விஷயத்தில் அப்பாவோடு மல்லுக்கு நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் நான் வந்த சில நாட்களிலேயே அவள் ஒரு காரியம் செய்தாள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றை எடுத்து, ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை எல்லாம் அடுக்கினாள். எனக்கு நைட்டிகள், ஒரு பிளாஸ்க், டம்ளர், சோப்பு, என் ஸ்கேன் பைல், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பழைய துணிதான் மெத்தென்று இருக்கும். அடுக்கி முடித்ததும் அப்பாவிடம் நல்ல நேரம் பார்க்கச் சொன்னாள். அந்த நேரத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், எதிர்வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"என்னம்மா இது?"

"பரஸ்தானம்."

எனக்கு அது புது வார்த்தை. ஒரு பயணம் போக வேண்டும், ஆனால் போகும் நாளில் நேரம் சரியாக அமையாது என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் நம்முடைய துணியையோ பையையோ வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் எந்த நேரத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை, ஏனென்றால் நாம் ஏற்கெனவே கிளம்பியாயிற்று.

நான் சிரித்த சிரிப்பில் வயிறே குலுங்கியது. "அப்ப பையே போய்ப் பெத்துக்கிட்டு வரட்டுமே. நான் எதுக்கு?"

"சிரி. சிரிச்சா நல்லதுதான்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

பரஸ்தானத்துக்குக் கெடு உண்டாம். சில நாள்தான் செல்லுமாம். அதற்குள் கிளம்பாவிட்டால் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, இன்னொரு நல்ல நேரத்தில் மறுபடி அனுப்ப வேண்டும். எனவே எங்கள் பை தெருவைக் குறுக்கே கடந்து போவதும் வருவதுமாக இருந்தது. என்னைவிட அதுதான் அதிகம் நடந்தது. எதிர்வீட்டு அத்தை டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். பை வரும்போதெல்லாம், "வாங்க வாங்க, காபி சாப்பிடுறீங்களா?" என்று பையையே விசாரிப்பார். எங்கள் இருவருக்கும் அது நல்ல பொழுதுபோக்கு.

இடையில் ஒருமுறை வலி வந்தது. வலி வந்தால் எங்கள் பக்கம் முதலில் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். குடித்ததும் வலி அடங்கினால் அது சூட்டு வலி. கூடினால் பிள்ளை வலி. எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு ஆய்வுக்கூடச் சோதனைக்கு உரிய லட்சணம் எல்லாம் இருந்தது, முடிவைத் தவிர. கஷாயம் குடித்தேன், வலி கூடியது, பையையும் எடுத்துக்கொண்டு டவுனில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணும் ஆகலீங்க. போயிட்டு வாங்க" என்றார். பக்கத்துக் கட்டிலில் நிஜ வலியோடு இருந்தவள் என்னைப் பார்த்த பார்வையில், காசு கொடுக்காமல் படம் பார்க்க வந்தவள் போல எனக்குக் கூச்சமாகிவிட்டது. இனிமேல் நன்றாகத் தெரியாமல் அந்தப் படியை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அது நடந்து ஒரு வாரத்துக்குள் அந்த வியாழக்கிழமை வந்தது. முதல் நாள்தான் பை புதிதாகப் பரஸ்தானம் போயிருந்தது.

காலையிலிருந்தே முதுகின் அடியில் ஏதோ செய்துகொண்டிருந்தது. கூச்சத்தால் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குள்ளேயே கவனித்துக்கொண்டிருந்தேன். எங்கே ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கமாக வருகிறது, எப்போது போகிறது. ரசம் சாதம் சாப்பிடும்போது கையிலிருந்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"லேசா. அதே சூட்டு வலிதான்னு நெனைக்கிறேன்."

"எப்போலேருந்து?"

"காலைலேருந்து."

அப்பா தன்னையறியாமல் காலண்டர் பக்கம் திரும்பினார். காலையில் அவர் வாசித்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம். அது அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அதோடு வியாழனன்று தெற்கே சூலம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆஸ்பத்திரி தெற்கே. ஒரே நேரத்தில் இரண்டு தடை இதைவிடப் பொருத்தமாக அமையாது.

அப்பாவுக்கு வேலை வைக்காமல் நானே சொன்னேன். "மூணு மணி வரைக்கும் பாப்போம்மா. கஷாயம் போட்டுக் குடு. நெசமா இருந்தா கூடும்ல. இல்லாட்டி மறுபடி போய் அந்த சிஸ்டர் முன்னாடி நிக்கணும்."

அம்மா கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. "கஷாயமும் வேணாம் ஒண்ணும் வேணாம். எந்திரி."

"ராகுகாலம்" என்றார் அப்பா, பாதிக் குரலில்.

"பை நேத்தே கெளம்பிருச்சு. நேத்து நீங்க பாத்துக் குடுத்த நேரத்துலதான் கெளம்புச்சு. இன்னிக்கு எந்தக் காலமும் நம்மளக் கேக்க முடியாது. போய்ப் பைய எடுத்துட்டு வாங்க, நான் ஆட்டோவக் கூப்புடுறேன்."

அவள் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா எதிர்வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வாசலில் நின்றார். எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. போன் செய்ததில், அத்தை மன்னார்புரத்தில் மகள் வீட்டில் இருந்தார். சாவி அவர் இடுப்பில். எங்கள் பை அவர் கட்டிலுக்கு அடியில்.

வலிக்கு நடுவிலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிளம்பிவிட்ட பை பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால், நாங்கள் கிளம்பிய கணக்கா, கிளம்பாத கணக்கா? இதற்குச் சாஸ்திரம் என்ன சொல்கிறது? அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

"துணி இல்லாம, பைல் இல்லாம எப்படி..." என்றார்.

"அது வரும்போது வரட்டும்" என்று அம்மா என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். அப்பா பைக்காகத் தெருவிலேயே நின்றுவிட்டார். கடிகாரம் பார்க்க அவருக்கு இப்போது ஒரு காரணமும் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை மன்னார்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எப்படியும் மூன்று மணி ஆகிவிடும். அப்புறம் நல்லபடியாகக் கிளம்பி வருவார்.

அம்மா மண்டபம் ரோட்டைத் தாண்டி மாம்பழச்சாலை சிக்னலில் நின்றோம். அங்கே எப்போது நிற்கவில்லை? பாலத்தில் ஏறியதும் வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக நகர்ந்தன. பக்கத்தில் புதுப் பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே காவிரியில் ஒரு ஓரமாகத் தண்ணீர், மீதி மணல். பாதிப் பாலத்தில் வலி குறைந்துவிட்டது. முழுவதும் போய்விட்டது என்றே தோன்றியது. எனக்கு அழுகை வராத குறை.

"அம்மா, போயிருச்சு. ஒண்ணுமே இல்ல இப்ப. பொய் வலிதான். திரும்பிடலாமா?"

அம்மா என் வயிற்றில் கையை வைத்தாள். "அசையுதா?"

"நீ ஏம்மா எப்பப் பாத்தாலும் அதையே கேக்குற?"

"அசையுதா சொல்லு."

உள்ளே ஒரு முழங்காலோ முழங்கையோ அவள் உள்ளங்கையைத் தேடி வந்து இடித்தது. அம்மா மூச்சு விட்டாள். கையை எடுக்காமல், என்னைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உனக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு."

நான் எதையும் கேட்கவில்லை.

"பையன். எங்க அம்மா வீட்டுல அப்ப வசதி இல்ல, பிரசவம் இங்க மாமியார் வீட்டுலயேதான்னு ஆச்சு. வலி வந்துச்சு. வாசல்ல ஆட்டோ வந்து நிக்குது. ராகுகாலம், முடிஞ்சப்புறம் ஏறிக்கலாம்னு பெரியவங்க உக்கார வச்சுட்டாங்க. நம்ம கூடத்துலதான், அதே கடிகாரத்துக்குக் கீழ. உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல வலி கொறைஞ்சுது. எல்லாருக்கும் சந்தோசம். பாத்தியா, பொய் வலிதான், நல்லவேள கெளம்பலன்னாங்க. நானும் சந்தோசப்பட்டேன்டி. அசையலங்கிறது எனக்குத் தெரிஞ்சுது. தூங்குதுன்னு நெனச்சேன்."

ஆட்டோ நகர்ந்தது. ஹாரன் சத்தத்தில் அவள் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அப்பா?" என்றேன்.

"வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்துக்கிட்டிருந்தாரு. சின்ன வயசு அவருக்கு. பெரியவங்க முன்னாடி பேசத் தெரியாது. அப்புறம் போனோம். போய் என்ன செய்ய? அசைவு எப்ப நின்னுச்சுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. சீக்கிரம் வந்திருந்தா பாத்திருக்கலாமான்னு நானும் கேட்டேன். அவங்களுக்கும் சொல்லத் தெரியல."

பாலம் முடிந்தது. அவள் தொடர்ந்தாள். "நீ வயித்துல இருக்கும்போது கோயில்ல ஒரு மாமி சொன்னாங்க, பரஸ்தானம்னு ஒண்ணு இருக்கு, பைய முன்னாடியே வச்சுட்டா கெளம்பினதாக் கணக்குன்னு. வச்சேன். அதுக்கப்புறம் என்னை யாரும் உக்கார வைக்க முடியாதுல்ல. உன்னப் பெக்கக் கெளம்பினதும் எமகண்டத்துலதான். எவரும் வாயத் தொறக்கல."

"நீ அத நம்புறியா அம்மா?"

"நான் நம்பி என்ன, நம்பாட்டி என்ன. உக்கார வைக்கிறவங்க நம்புறாங்கல்ல."

நான் அவ்வளவு சிரித்த பை அது. அவள் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். அப்போது அடுத்த வலி வந்தது. போன வலியெல்லாம் ஒத்திகை என்று சொல்வது போல வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்து, நர்ஸ் ஒரு சின்னப் பெட்டியோடு இருந்த கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடினார். இடதுபக்கம் வைத்தார், கீழே வைத்தார். கரகரவென்று வெறும் இரைச்சல். நான் அம்மாவைப் பார்த்தேன். சற்று முன்பு வரை அந்த முகத்தில் எனக்கு எதுவும் படிக்கத் தெரிந்ததில்லை. இப்போது தெரிந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. நர்ஸ் கருவியைக் கொஞ்சம் சாய்த்தார். உடனே அறை முழுக்கக் குதிரை ஓடுகிற சத்தம். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நல்லாத் தொறந்திருக்கே. ஏங்க இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்றார் நர்ஸ். போனமுறை சீக்கிரம் வந்ததற்குத் திருப்பி அனுப்பிய அதே நர்ஸ்தான். அவரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன், வலி விடவில்லை. பைல் எங்கே என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்றாள் அம்மா. எங்கே, யாரோடு வருகிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. வளைகாப்பு வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். சில கழன்றன, சில உடைந்தன. துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்றதால் அம்மா என்னுடனேயே இருந்தாள்.

வலி எப்படி இருக்கும் என்று எழுத வேண்டிய இடம் இது. இதற்காகத்தான் ஊரையெல்லாம் கேட்டு அலைந்தேன். முதலில் முதுகின் அடியில் ஒரு கை அழுத்த ஆரம்பிக்கும். அது இடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். வந்து, இறுகி, இதற்குமேல் முடியாது என்னும் இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு இறங்கிப் போய்விடும். போனால் சுத்தமாகப் போய்விடும். இந்த இடைவெளியைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. இரண்டு வலிக்கு நடுவில் எனக்கு ஒன்றுமே இல்லை. விட்டத்துப் பல்லியைப் பார்த்தேன். ஆயாம்மாவிடம் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "பேசாம மூச்ச இழுத்து விடு தாயி, நான் எங்கயும் போகல" என்றார் அவர். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

பிறகு இடைவெளிகள் குறுகின. ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லை. அங்கே என் கேள்விகளும் நின்றுவிட்டன. பேச்சு வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு கேள்விகூட இல்லாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கணக்கு டீச்சரின் பெருக்கலும் சரியில்லை, லாரியும் சரியில்லை. தமிழ் டீச்சர் சொன்னதைத்தான் கடைசியில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவர் தட்டிக்கழிக்கத்தான் சொன்னார் என்றாலும். அம்மா என் தலைமாட்டில் நின்று, "இருக்கேன், இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் பிறந்தாள். பெண். கத்தினாள். கத்தினாள் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அந்தச் சத்தம் வரும்வரை அம்மா மூச்சு விட்டாளா என்றே எனக்குச் சந்தேகம். "துணி குடுங்கம்மா" என்றார் நர்ஸ். அம்மா கதவுப் பக்கம் போய் எதையோ எடுத்து வந்தாள். அப்பாவின் பழைய வேட்டித்துணி. அதில் சுற்றித்தான் என் மகளை என் பக்கத்தில் வைத்தார்கள்.

பார்த்தேன், அழுதேன், அதெல்லாம் நடந்தது. ஆனால் பழைய புத்தி எங்கே போகும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி, "பை எப்படிம்மா வந்துச்சு?"

"தெரியல. அப்பவே கதவுகிட்ட இருந்துச்சு. ஆயாம்மாதான் ஸ்கேன் பைல உள்ள எடுத்துட்டுப் போனாங்க."

வார்டுக்கு மாற்றிய பிறகு அப்பாவை உள்ளே விட்டார்கள். சட்டையில் வியர்வை உப்புப் படிந்து காய்ந்திருந்தது. வலது கைவிரலில் காயம், கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். கணவருக்குச் சொல்லியாகிவிட்டது, ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டார், காலையில் வந்துவிடுவார் என்று சொன்னார். பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கையில என்னப்பா?"

"பூட்டு" என்றார். "அம்மிக் குழவிய வச்சு ஒடச்சேன். போன் பண்ணிக் கேட்டுட்டேன் அவங்கள. ஒடைங்கண்ணேன்னாங்க. புதுப் பூட்டு வாங்கிப் போட்டுக் குடுத்துரணும்."

உத்தர வீதியில் பட்டப்பகலில், தபால் ஆபீசுக்கு நேரம் பார்த்துப் போகிற என் அப்பா, எதிர்வீட்டுப் பூட்டைக் குழவியால் அடித்துக்கொண்டு நின்றதை நினைத்துப் பார்த்தேன். சிரிக்க முடியவில்லை, வயிறு இடம் கொடுக்கவில்லை.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப வந்தீங்க?"

"நீங்க வந்த கொஞ்ச நேரத்துலயே. மொபெட்டுல வந்துட்டேன்."

"அப்ப மூணு மணி ஆகியிருக்காதே."

"ஆகல."

"சூலம் வேற."

"ஆமா."

"பரஸ்தானம் பைக்குத்தானே வச்சது. உங்களுக்கு வைக்கலையே. மூணு மணி ஆகட்டும்னு நீங்க இருந்திருக்கலாமே?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இத்தனை வருடங்களாக மனதுக்குள் இருந்த ஒன்றை இப்போதுதான் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. கையில் சுற்றியிருந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு தடவ இருந்தேனே."

அம்மா கட்டில் பக்கம் வந்து குழந்தையை எடுத்தாள். அப்பாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, அவர் மடியில் வைத்தாள். அவர் அடிபட்ட கையைப் பிடித்து வேட்டித்துணியின் மேல், அந்தச் சின்ன வயிற்றின் மேல் வைத்தாள்.

"அசையுது பாருங்க" என்றாள்.